கடிதத் தொகுப்புகளுக்கும் ஓர் இடம் தாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அண்மையில் வந்த தன்வரலாறுகள், வாழ்க்கை வரலாறுகள் பற்றி உங்கள் இதழ் தந்த பரிந்துரைப் பட்டியலை ஆவலோடு வாசித்தேன். நல்ல தெரிவுகள். ஆனால் அதில் கடிதத் தொகுப்பு ஒன்றுகூட இல்லை. இலங்கையின் கிழக்கு மாகாணத்து வாழ்க்கையைத் தொட்ட நூலும் இல்லை.

தன்வரலாறு எழுதுகிறவருக்குத் தன் கதை எங்கே போய் நின்றது என்று தெரியும். பழைய நாட்களை அதற்கேற்ப அடுக்கிக்கொள்வார். கடிதம் எழுதினவருக்கோ அடுத்த மாதம் என்ன நடக்கும் என்றே தெரியாது. புதுமைப்பித்தன் தன் மனைவிக்கு எழுதிய 'கண்மணி கமலாவுக்கு' தொகுப்பை வாசித்தவர்களுக்கு இது விளங்கும். சினிமா வேலைக்காகப் புனா போய் அங்கிருந்து அவர் எழுதினவற்றை வாசிக்கும்போது, 1948இல் காசநோய் அவரைக் கொண்டுபோகப் போகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. அவரோ வீட்டுக்கு எப்படிப் பணம் அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். எந்த வாழ்க்கை வரலாறும் எனக்கு இந்த வலியைத் தந்ததில்லை.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எல்லோரும் அறிந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'உ.வே.சாமிநாதையர் கடிதக் கருவூலம்' பற்றி அவ்வளவு பேர் கதைப்பதில்லை. 1877 முதல் 1900 வரை ஐயருக்கு வந்த கடிதங்கள் அதில் இருக்கின்றன. முன்னதில் முதுமையில் திரும்பிப் பார்க்கும் ஒருவரின் குரல். பின்னதில் அவருக்கு எழுதின பலரின் குரல்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லி உங்கள் இதழ் வாசகருக்கு எடுத்துச் சொல்லலாம். ஒன்று மட்டும்: யார் யாருக்கு, எப்போது எழுதினார், கடிதத்தில் வரும் ஆள் யார் என்ற குறிப்பில்லாத தொகுப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

சரி, எங்கள் திருகோணமலைப் பக்கத்துக்கு வருகிறேன். பாய்மரம் முறிந்த கப்பலோடு கொட்டியாரக் குடாவுக்கு வந்து 1660இல் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், கண்டி அரசனின் கைதியாக 19 ஆண்டுகள் இருந்து தப்பிப்போய் எழுதிய நூல் 1681இல் லண்டனில் அச்சானது. அந்தக் கதை தொடங்கிய மூதூரில் அவருக்கு நினைவுச்சின்னமும் இருக்கிறது. அதே மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'இலக்கிய நினைவுகள்' இன்றைய இளம் வாசகர் பலருக்குத் தெரியாது. மறுபதிப்புச் செய்யவேண்டிய நூல் அது.

அண்மைக் காலத்து நூல்களில், தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்', அஜித் போயாகொடவின் அனுபவங்களைச் சொல்லும் 'நீண்ட காத்திருப்பு' இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கவேண்டும். முன்னது புலிகள் இயக்கத்துப் பெண் போராளி ஒருவர் எழுதி, அவர் மறைந்தபின் 2016இல் வந்தது. பின்னது 1994இல் பிடிபட்டு எட்டு ஆண்டுகள் புலிகளின் கைதியாக இருந்த கடற்படை அதிகாரியின் கதை. முன்னதைப் பற்றி விவாதம் உண்டு. இருக்கட்டும், வாசித்துவிட்டு விவாதிப்போம்.

எனக்கு மிகவும் வேண்டியது இன்னும் அச்சுக்கு வராத ஒன்று. கவிஞர் பிரமிள் 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். அறுபதுகளில் சென்னையிலிருந்து வந்த 'எழுத்து' இதழுக்கு இங்கிருந்துதான் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் இந்தியா போனவர் 1997இல் அங்கேயே மறைந்தார். இந்த ஊர் நண்பர்களுக்கு அவர் எழுதின கடிதம் எந்த வீட்டு அலுமாரியிலாவது இருந்தால், அது எங்கள் ஊரின் சொத்து. 'மோகனாங்கி' நாவலை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை, அவருடைய தமையன் கனகசுந்தரம்பிள்ளை இருவரும் இந்த ஊரில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர்கள். அங்கிருந்து ஊருக்கு எழுதாமலா இருந்திருப்பார்கள்?

1990இல் போருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியபோது எத்தனையோ குடும்பங்களின் றங்குப்பெட்டிகள் அழிந்தன. 2004 சுனாமி இன்னும் கொஞ்சத்தைக் கொண்டுபோனது. மிஞ்சினதையாவது ஸ்கேன் செய்து 'நூலகம்' எண்ணிமத் தளம் போன்ற இடங்களில் சேர்த்துவிடவேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய ஏரோகிராம்களும் இதில் அடக்கம். அவற்றை எரித்துவிடாதீர்கள் என்று உங்கள் இதழ் ஒரு சின்ன அறிவிப்புப் போட்டாலே பலர் கேட்பார்கள்.

இன்னொரு வேண்டுகோள். சென்னைப் புத்தகம் இங்கே வரும்போது இந்திய விலையைப் பல மடங்காக்கித்தான் விற்கிறார்கள். அதுவும் எல்லாம் வருவதில்லை. அடுத்த பட்டியலில் கடிதத் தொகுப்பு ஒன்றையாவது சேருங்கள். நூல் ஒவ்வொன்றுக்கும் பதிப்பகம், இலங்கை விலை, இங்கே எங்கே வாங்கலாம் என்ற விபரத்தையும் கூடவே போடுங்கள். எங்கள் நூல்நிலையத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டி, வாங்கித்தரும்படி கேட்க உதவியாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.