மீனாவுக்கு, டேமனைப் பற்றியும் போனியைப் பற்றியும்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. பெர்த்தில் குளிர் இன்னும் விடவில்லை என்றும், புது வீட்டுச் சமையலறைச் சன்னலோரம் வைத்த கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது என்றும் நீ எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் தாமாகவே மின்தூக்கியில் இறங்கிப் போய், கீழ்த்தளத்தில் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருகிறார். சீனர்களின் ஏழாம் மாதம், ஆவிகளின் மாதம், தொடங்கிவிட்டதால், மாலையானால் புளோக்குக்குப் பின்னாலிருந்து காகிதம் எரியும் வாசனை வருகிறது. திடலில் கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரிக்கு மேடை போட்டு, முதல் வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விட்டிருக்கிறார்கள். பள்ளிக் காலத்தில் நீயும் நானும் அந்த வரிசையை ஓரக்கண்ணால் பார்த்தபடி வேகவேகமாக நடந்து கடப்போமே, நினைவிருக்கிறதா?

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பதில் எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ‘தி வேம்பயர் டைரீஸ்’ என்ற ரத்தக்காட்டேரித் தொடரை இத்தனை வருடம் கழித்து மறுபடி பார்த்ததாகவும், கதைநாயகி எலினாவைக் காதலிக்கும் ரத்தக்காட்டேரி டேமன் இல்லையென்றால் அதில் உயிரே இல்லை என்றும், அவன் திருந்திய விதத்தைப் போல வேறெந்தப் பாத்திரமும் உன்னைத் தொடவில்லை என்றும் எழுதியிருந்தாய். என் மகளும் ஜூன் விடுமுறையில் அதே தொடரைத் தொடங்கி, எட்டு சீசன்களையும், 171 பாகங்களையும், போன வாரம்தான் முடித்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பெரும்பகுதியைப் பார்த்தேன். 2009இல் அந்தத் தொடர் வரத் தொடங்கியபோது உன்னைப் போலவே நானும் டேமனுக்காகத்தான் பார்த்தேன். இந்த முறை என் கண் அவன்மேல் நிற்கவில்லை; முதல் சீசனிலிருந்து கடைசி வரை எலினாவின் தோழியான மந்திரவாதி போனியின் மேலேயே நின்றது.

நம் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லாத இடத்திலிருந்து தொடங்குகிறேன். முதல் சீசனின் கடைசிப் பாகத்தில், டேமன் ஒருகாலத்தில் காதலித்த ரத்தக்காட்டேரி கேத்ரின் வருகிற திருப்பத்துக்கு இணையாக இந்த வகைத் தொடர்களில் அதிகம் சொல்ல முடியாது. வீட்டிலுள்ளவர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி உள்ளே நுழைய முடியாது என்ற விதி நமக்குத் தொடக்கத்திலேயே தெரியும். அந்த இரவில் வாசல் தாழ்வாரத்தில் டேமன் எலினாவை முத்தமிடுகிறான். சித்தி ஜென்னா கதவைத் திறந்து, நேரமாகிவிட்டது, உள்ளே வா என்கிறாள். அவளும் உள்ளே போகிறாள். சமையலறையில் எலினாவின் உறவினர் ஜான் கில்பர்ட்டின் விரல்கள் வெட்டுப்படும் நொடியில்தான், உள்ளே வந்தவள் எலினாவின் முகத்தைக் கொண்ட கேத்ரின் என்று நமக்குப் புரிகிறது. எலினாவுக்குப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்டவள் பரிவோடு சொன்ன சொல்லே அழைப்பாகிவிட்டது. விதி நம் கண்ணெதிரிலேயே இருந்தது. நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

அந்தக் காட்சியை மறுபடி பார்த்தபோது, அங் மோ கியோ வீட்டில் உன் பாட்டி சொன்ன பழையனூர் நீலி கதை எனக்கு நினைவு வந்தது. பழிவாங்க வந்த பேயான நீலி ஒரு வணிகனின் மனைவியாக உருமாறி, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையின் முன் அழுதாள். எழுபது வேளாளர்களும் அவள் கண்ணீரை நம்பி, அவன் கையிலிருந்த காப்புக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அவளோடு ஓர் அறையில் தங்கச் சொன்னார்கள். உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்றும் சொன்னார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடந்தபோது, சொன்ன சொல்லைக் காக்க எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். நீலி எப்படி உருமாறினாள் என்பதைவிட, அந்த எழுபது பேரின் முடிவைத்தான் உன் பாட்டி நிறுத்தி நிதானமாகச் சொல்வார். தவறாகத் தீர்ப்புச் சொன்னவர்களே அதற்கான விலையையும் கொடுத்தார்கள். மீனா, எந்தத் திருப்பத்தைப் பார்த்தாலும் நான் இப்போது இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்: பிழை செய்தவர் யார், விலை கொடுப்பவர் யார்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு டேமனைப் பார். தன் தம்பி ஸ்டெபனின் நெடுநாள் தோழி லெக்ஸியைக் கொன்றவன் அவன். எலினாவின் தோழி கெரோலைனின் புத்தியை மயக்கி, அவள் உடலையும் ரத்தத்தையும் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்தியவன். எலினா தன்னை ஏற்கவில்லை என்ற ஆத்திரத்தில் அவள் தம்பி ஜெரமியின் கழுத்தை முறித்தவன். விரலில் மந்திர மோதிரம் இல்லையென்றால் அந்தப் பையன் எழுந்திருக்கவே மாட்டான். இவ்வளவு செய்தவன் திருந்துகிறான் என்பதை நான் மறுக்கவில்லை. எலினாவுக்கு ஸ்டெபனா, டேமனா என்று இரண்டு அணியாகப் பிரிந்து ரசிகர்கள் வருடக்கணக்கில் வாதிட்டார்களே, அந்த வாதம் முழுவதும் யாருடைய காதல் உயர்ந்தது என்பதைப் பற்றியதாகவே இருந்தது. டேமனின் குற்றங்களுக்கான கணக்கு யார் பெயரில் எழுதப்பட்டது என்று நாமும் அன்று கேட்கவில்லை.

அந்தக் கணக்கு போனியின் பெயரில் எழுதப்பட்டது. கேத்ரின் அடைபட்டிருப்பதாக டேமன் நம்பிய கல்லறையைத் திறப்பதற்காக மந்திரம் போட்டுத்தான் போனியின் பாட்டி ஷீலா உயிரை விடுகிறாள். கேத்ரின் உள்ளே இருக்கவே இல்லை. ஒரு பொய்யான காதலுக்காகப் போனி தன்னைக் கற்பித்து வளர்த்த ஒரே மனுஷியை இழக்கிறாள். மூன்றாம் சீசனில், பல வருடம் பிரிந்திருந்த தாய் ஏபியோடு அவள் உறவு துளிர்க்கும் நேரத்தில், எலினாவைக் காப்பாற்றும் அவசரத்தில் டேமன் அந்தத் தாயை ரத்தக்காட்டேரியாக மாற்றிவிடுகிறான். நான்காம் சீசனில் ஜெரமியை உயிர்ப்பிக்கப் போய்ப் போனியே இறந்துபோகிறாள். அந்தக் கோடை முழுவதும் ஜெரமியைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ஆவியாக நின்றபடி தன் தந்தை கழுத்தறுபட்டுச் சாவதைப் பார்க்கிறாள், அலறுகிறாள், கூட்டத்தில் ஒருவருக்கும் அவள் குரல் கேட்கவில்லை. அதன்பின் அவள் மறுமைக்கும் இம்மைக்கும் இடையில் நங்கூரமாக்கப்படுகிறாள். இறக்கும் ஒவ்வோர் அமானுஷ்ய உயிரும் அவள் உடலைத் துளைத்துக்கொண்டுதான் கடந்துபோகிறது. நண்பர்களின் வேதனை அனைத்தும் தன் வழியாகப் போகும்படி ஒரு பெண்ணைக் கதை நிறுத்திவைக்கிறது என்றால், அதைவிட வெளிப்படையாகக் கதையாசிரியர்களால் சொல்லியிருக்க முடியாது. ஆனால், தாங்கள் சொன்னது இன்னதென்று அவர்களே உணர்ந்து எழுதினார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. எல்.ஜே. ஸ்மித் 1991இல் எழுதத் தொடங்கிய நாவல்களில் போனி செந்நிறக் கூந்தல் கொண்ட வெள்ளைக்காரப் பெண். தொலைக்காட்சிக்காக அவளைக் கறுப்பினப் பெண்ணாக்கி, பென்னட் என்ற மந்திரவாதிகளின் வம்சத்தைக் கொடுத்து, 1864இல் கேத்ரினுக்குப் பணிப்பெண்ணாக இருந்த எமிலியை அவளுடைய முன்னோராக்கினார்கள். அழகான, ஆழமான மாற்றம் அது. அந்த ஊரை நிறுவிய முதல் குடும்பங்கள் விழா எடுத்துக் கொண்டாடும் வரலாற்றின் அடியில் யார் உழைத்தார்கள் என்று கேட்கக்கூடிய ஒரு கதை அந்த இடத்தில் பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை. பணிப்பெண்ணின் வாரிசு மறுபடியும் மற்றவர்களின் காதலுக்குப் பணிசெய்கிறாள்.

உயர்நிலை நான்கில் போட்ட நாடகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். முதன்மைப் பாத்திரத்துக்கு இருவரும் பெயர் கொடுத்தோம். உன்னைக் காட்சிப்பலகை தூக்கவும் என்னைத் திரை இழுக்கவும் சொன்னார்கள். உங்களைப் போல நம்பகமான பிள்ளைகள் பின்னால் இருந்தால்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று பாராட்டவும் செய்தார்கள். அந்தப் பாராட்டில் நாம் இருவரும் மகிழ்ந்துதான் போனோம். போனியை எல்லாரும் ‘நீ இல்லாமல் முடியாது’ என்று கட்டித் தழுவும் காட்சிகளைப் பார்க்கும்போது, அந்தத் திரைக்கயிறு என் உள்ளங்கையில் உராய்வது போலவே இருக்கிறது.

ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பெண்ணின் கதையான ‘பஃபி’ தொடரில் இந்தக் குறை எனக்குத் தெரியவில்லை. உன் அண்ணன் வாங்கிவந்த வட்டுகளில் இரண்டாம் சீசனைப் பார்த்துவிட்டு நாம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோமே! ஆன்மா உள்ள ரத்தக்காட்டேரியான ஏஞ்சலுக்கு முழு மகிழ்ச்சி வாய்த்தால் அவன் ஆன்மா பறிபோகும் என்ற சாபத்தை அறியாமல் பஃபி அவனை நேசித்தாள். கடைசியில் ஆன்மா திரும்பிவந்த ஏஞ்சலை, திரும்பிவிட்டான் என்று தெரிந்தே, உலகத்தைக் காக்கத் தன் கையால் குத்தினாள். அந்த வாளை வேறொருவர் கையில் கொடுக்காததால்தான் அது இன்றும் வலிக்கிறது. ஐந்தாம் சீசனில் திடீரென்று டான் என்ற தங்கை வந்து நின்றபோது எத்தனையோ ரசிகர்களுக்கு எரிச்சலாக இருந்தது, எனக்கும்தான். அந்த எரிச்சலையே அடித்தளமாக்கி, 2001இல் வந்த நூறாவது பாகத்தில், தங்கையின் ரத்தமும் தன் ரத்தமும் ஒன்றே என்று உணர்ந்து பஃபி தானே குதிக்கிறாள். அதற்குச் சில பாகங்களுக்கு முன் தாய் ஜாய்ஸ், பேயாலோ பூதத்தாலோ கொல்லப்படாமல், நோயில் இறந்த பாகத்தை மட்டும் என்னால் இன்னும் மறுபடி பார்க்க முடியவில்லை. பின்னணி இசையே இல்லாத அந்த நாற்பது சொச்ச நிமிடம் என் அப்பா போன காலையைப் போலவே இருக்கிறது.

ஓநாய் மனிதர்களின் கதையான ‘டீன் வுல்ஃப்’ தொடர் பற்றி நீ கேட்டதற்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்டைல்ஸின் உடலில் நொகிட்சுனே என்ற தீய நரி ஆவி புகுந்த பகுதிதான் அந்தத் தொடரின் உச்சம் என்பதில் உன்னோடு உடன்படுகிறேன். அலிசனின் சாவும் எனக்கு நியாயமாகவே பட்டது. ஓநாய் மனிதர்களை வேட்டையாடும் தன் குடும்பத்தின் கொள்கை வாசகத்தை, தம்மைக் காத்துக்கொள்ள முடியாதவர்களைக் காப்பது என்று மாற்றியவள் அவள். அந்தச் சொல்லை நிறைவேற்றிக்கொண்டே செத்தாள். 2023இல் வந்த படத்தில் அவளை உயிர்ப்பித்துக் கொண்டுவந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அழுத கண்ணீருக்குக் கொஞ்சம் மரியாதை வேண்டும்.

இனி, உன் பக்கம் உள்ள நியாயத்தையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆறாம் சீசனில் டேமனும் போனியும் 1994ஆம் ஆண்டின் ஒரே நாளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்களே, அந்தப் பாகங்களைப் பார்த்தபோது உன்னைத்தான் நினைத்தேன். தினமும் காலையில் அவன் அப்பம் சுட, அவள் குறை சொல்ல, யாரையும் காப்பாற்ற வேண்டிய வேலை இல்லாத அந்த ஊரில்தான் முதல்முறையாக அவன் அவளை ஒரு மனுஷியாகப் பார்க்கிறான். தனியே விடப்பட்ட பிறகு வாழ்வின் விளிம்பு வரை போய், யாருக்காகவும் இல்லாமல் தனக்காகவே அவள் வாழ்வதைத் தேர்ந்தெடுக்கும் பாகம் இந்தத் தொடரிலேயே ஆகச் சிறந்தது என்பேன். பின்னர் காய் (Kai) என்ற வில்லன் எலினாவின் உயிரைப் போனியின் உயிரோடு பிணைத்துவிடும்போது, போனியைச் சாக விட்டால் எலினா கிடைப்பாள் என்ற நிலையில், டேமன் திரும்பி நடந்து போவது போலப் போய், மறுபடி வந்து காயைக் கொன்று போனியைக் காப்பாற்றுகிறான். அவன் திருந்தியதற்கு எனக்கு இந்த ஒரு காட்சியே போதும். எலினாவோடு அவன் ஆடிய நடனங்கள் எதுவும் வேண்டாம்.

ஆனாலும் அந்தத் திருப்பத்தின் மறுபக்கத்தை நினைத்துப் பார், மீனா. எலினாவாக நடித்த நீனா டோப்ரெவ் தொடரிலிருந்து விலகியதால் எலினாவைத் தூங்கவைக்க வேண்டியிருந்தது, அது புரிகிறது. அதற்காக அவர்கள் கண்டுபிடித்த வழி, போனி மூச்சுவிடும் ஒவ்வொரு நாளும் மற்றவர்களின் காத்திருப்பை நீட்டுவதாக ஆக்கிவிட்டது. இத்தனை பேருக்காக இத்தனை முறை செத்தவள், கடைசியில் உயிரோடு இருப்பதற்காகவும் கடன்பட்டவளாகிறாள். எட்டாம் சீசனில் அவள் நேசித்த என்ஸோவையும் ஸ்டெபன் கொன்றுவிடுகிறான். ஸ்டெபன் தன் உயிரைக் கொடுத்து அதைத் தீர்த்தான் என்பது உண்மை. பழையனூர்க்காரர்களைப் போல அவனாவது தன் கணக்கைத் தானே அடைத்தான். அந்தக் கடைசிப் பாகத்தில் முன்னோர்களின் துணையோடு நரகத் தீயை ஊரைவிட்டுத் தள்ளியதும் போனிதான்.

அது முடிந்ததும் என் மகள் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, போனி உலகத்தைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறாளே, அதை மட்டும் தனித் தொடராக எடுத்திருக்கலாமே அம்மா, அதில் யாருமே அவளிடம் உதவி கேட்கக் கூடாது என்றாள். பதினைந்து வயதில் நமக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று இரவு அவளுடைய கையைப் பிடித்தபடியே தூங்கினேன்.

தீபாவளிக்கு நீ வருவதாகச் சொன்ன பயணத்தை மாற்றிவிடாதே. தேக்காவில் புடவை வாங்கும் வேலையை ஒரே நாளில் முடித்துக்கொண்டு, ஒரு முழு மாலையை எனக்கும் மகளுக்கும் ஒதுக்கி வை. 1994இல் நடக்கும் பாகங்களை மூவரும் சேர்ந்து பார்க்கலாம். அதற்குள், ஏபியை டேமன் மாற்றிய பாகத்தை மட்டும் நீ ஒருமுறை தனியாகப் பார்த்துவிடு. அதில் கடைசிப் பகுதியில் எலினா போனியின் வீட்டு வாசலுக்கு வருகிறாள். உள்ளே விடாமல் கெரோலைன் தடுக்கிறாள். அப்போது யார் முகத்தைப் பார்த்தாய் என்று எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் வள்ளி