தனியாக விளையாடினால் பாவமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பலகை விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தாயம், பரமபதம், கேரம் என்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடினால் கைப்பேசியின் பிடி கொஞ்சம் தளரும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கடைசிப் பத்திதான் நெருடியது. ஒருவரே ஆடும் பலகை விளையாட்டுகள்கூட வந்துவிட்டனவாம், கூட ஆட ஓர் ஆள் கிடைக்காத நிலைக்கு மனிதன் வந்துவிட்டானாம், பாவமாம். அந்தப் பாவப்பட்ட ஆட்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கணவர் இருக்கிறார், மாமியார் இருக்கிறார், பள்ளி விட்டால் பேரப்பிள்ளைகள் வந்து குதிப்பார்கள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்த பிறகு, மாமியார் கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில் சாப்பாட்டு மேசையில் பலகையை விரிக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒருவரும் வேண்டாம். புத்தகம் படிப்பவரிடம் போய் ‘கூடப் படிக்க ஆளில்லையா, ஐயோ’ என்று யாரும் கேட்பதில்லையே.

அதே இதழில், அந்தக் கட்டுரைக்கு இரண்டு பக்கம் தள்ளி, குறுக்கெழுத்தும் சுடோகுவும் இருந்தன. அவற்றைத் தனியாக உட்கார்ந்து நிரப்புகிறவர் புத்திசாலி. அட்டையும் வில்லையும் வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிற நான் பாவம். ஒற்றை ஆள் புதிர்களை உலகெங்கும் பரப்பியதே பத்திரிகைகள்தாம். முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கின் ‘வேர்ல்டு’ நாளிதழில் வந்தது. சுடோகுவின் முதல் வடிவம் 1979-இல் ஓர் அமெரிக்கப் புதிர் இதழில் பிறந்து, ஜப்பானுக்குப் போய்ப் பெயர் பெற்று, 2004-இல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் வழியாக ஊர் ஊராகப் பரவியது. உங்கள் துறை வளர்த்த பிள்ளைக்கு நீங்களே இரக்கப்படுவது வேடிக்கையாக இருக்கிறது.

நான் ஆடுவது ‘ரெனிகேட்’ என்ற விளையாட்டு. 2018-இல் அமெரிக்காவின் விக்டரி பாயின்ட் கேம்ஸ் வெளியிட்டது. வடிவமைத்தவர் ரிக்கி ராயல். பலகை விளையாட்டுகளைத் தனியாக ஆடிக் காணொலிகளில் காட்டியே பெயர் வாங்கியவர். வெளிநாட்டில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். நான்கைந்து பேர் சேர்ந்தும் ஆடலாம். சேர்ந்தாலும் எல்லோரும் ஒரே கட்சி. எதிரி அந்த விளையாட்டுதான்.

கதைக்களம் சைபர்பங்க் வகை. அப்படியென்றால் என்ன என்று மாமியார் கேட்டார். வருங்கால நகரம், இராட்சசக் கணினிகள் ஆள்கின்றன, மனிதர்களின் ஒவ்வொரு அசைவும் அவற்றுக்குத் தெரியும், சிலர் மட்டும் திருட்டுத்தனமாக அந்த வலையமைப்புக்குள் புகுந்து அதைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்றேன். “இப்போது நடப்பதைத்தான் சொல்கிறாயா?” என்றார். அதற்கு மேல் விளக்க அவசியம் ஏற்படவில்லை. இதில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. மின்சாரம் போனாலும் ஆடலாம். உலகையே ஆட்டிப்படைக்கும் கணினியோடு, ஜன்னல் வெளிச்சத்தில், அட்டைத் துண்டுகளால் மல்லுக்கட்டுகிறேன்.

பலகை என்பது அறுகோணக் கட்டங்களால் ஆன சர்வர்கள், அதாவது வலையமைப்பைத் தாங்கும் மையக் கணினிகள். அவற்றின் பகுதிகளில் நம் ஆள் நகர்கிறான். வைரஸ் போன்ற நம் வில்லைகளை அங்கங்கே விதைக்கிறான். கணினி தன் பங்குக்குக் காவல்களையும் தடைச்சுவர்களையும் எழுப்பிக்கொண்டே போகும். நமக்கு ஆயுதம் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் கட்டளைக் குறிகள் இருக்கும். நகரவும் அவைதாம், விதைக்கவும் அவைதாம், எதிரியின் காவலை உடைக்கவும் அவைதாம். நகர்வதற்குச் செலவழித்த குறி, போய்ச் சேர்ந்த இடத்தில் சண்டைக்கு இருக்காது. சண்டைக்குச் சேமித்தால் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. எதை முதலில், எதை அடுத்ததாக என்ற வரிசையில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது. போதாக்குறைக்கு, நம் சீட்டுக்கட்டு எப்போதும் 15 சீட்டுதான். வலுவான புதுச் சீட்டு ஒன்று வேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியேற வேண்டும். இத்தனை நேரம் கைகொடுத்த சீட்டை வெளியே தள்ளும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கொஞ்சம் பின்வாங்கும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்றால், நான் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில், புக் செய்த கால்களின் டிக்கெட்டுகள் ஒரு பக்கம் குவிந்திருக்கும்; வெளியூருக்குப் போகும் லைன்களோ விரல் விட்டு எண்ணும் அளவு. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கால்களுக்குள் படிநிலை வேறு. தஞ்சாவூர் வழியாக வழியில்லையென்றால் வேறு எந்த எக்ஸ்சேஞ்ச் வழியாகத் திருச்சியைப் பிடிக்கலாம், இந்த லைனை இப்போது கொடுத்துவிட்டால் அடுத்த நிமிடம் வரக்கூடிய அவசரக் காலுக்கு எதைக் கொடுப்பது என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பரவப் பரவ அந்த வேலை சுருங்கி, ஒரு கட்டத்தில் இல்லாமலே போனது. அந்த ஓட்டம் மட்டும் எனக்குள் நிற்கவில்லை. சர்வர், இணைப்பு, மாற்றுவழி என்று இந்த விளையாட்டு பேசத் தொடங்கியதும் எனக்கு அது அறிமுகமான ஊராகிவிட்டது. ரகசிய வலையமைப்புக்குள் புகும் இளைஞர்களுக்கான விளையாட்டு என்று பெட்டியின் படம் சொல்கிறது. பெட்டியைத் திறந்து ஆடுகிறவள் நூல் புடவை கட்டிய ஓய்வூதியதாரர். அதனால் என்ன?

பின்னாளில் அலுவலகத்துக்குக் கணினிகள் வந்தபோது, 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த அந்தச் சீட்டாட்டத்தைப் பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் தனியாக ஆடியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் தனிமையை எண்ணி எவரும் கட்டுரை எழுதவில்லை.

சேர்ந்து ஆடுவதன் மகிமையைக் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. சேர்ந்து ஆடிப் பார்த்தவள் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஒரே கட்சியாக ஆடும் விளையாட்டில், யாராவது ஒருவர் தளபதியாகிவிடுவார். எங்கள் வீட்டில் அது என் கணவர். “அந்தச் சீட்டை வை, இப்படிப் போ, அங்கே நில்” என்று மற்ற எல்லோர் கையையும் அவரே ஆடுவார். பேரன் கொட்டாவி விடுவான். அப்போது மேசையைச் சுற்றி நான்கு பேர் இருப்பார்கள், விளையாடுவது ஒருவர்தான். அந்த ஒருவர் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேனே.

“தனியாக ஆடினால் ஏமாற்றலாமே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார். ஏமாற்றலாம்தான். தடுக்க ஒருவரும் இல்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் அடியில் சொருகிவிடலாம். அப்படி வென்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் தொல்லை. எதிரியின் முறை வரும்போது அதன் எதிர்நடவடிக்கைச் சீட்டில் உள்ளதை, எனக்கு நஷ்டமாகவே இருந்தாலும், என் கையாலேயே செய்ய வேண்டும். நான் கட்டியதை நானே இடித்து, எதிரியின் காவலை நானே நிறுத்தி, பிறகு மறுபடியும் என் பக்கத்துக்கு வந்து யோசிக்க வேண்டும். நடுவரும் நானே, எதிரியின் வேலையாளும் நானே. இது சோம்பேறியின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஒரு மதியம் எங்கள் வீட்டுக்கு வரலாம்; வேடிக்கை பார்க்க மட்டும்.

‘வந்துவிட்டன’ என்று கட்டுரை சொல்வதுபோல் இது இன்று நேற்று வந்ததுமல்ல. பள்ளாங்குழியில் சீதைப் பாண்டி என்று ஓர் ஆட்டம் உண்டு. ஒருவரே ஆடுவது. அசோகவனத்தில் சீதை ஆடியது என்று என் பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்குக் கூட ஆட அரக்கிகள் இருந்தார்கள், வேண்டாம் என்று இருந்துவிட்டாள் என்பார் பாட்டி. ஐரோப்பாவில், துளைகள் கொண்ட பலகையில் குச்சிகளைத் தாண்ட வைத்து ஒவ்வொன்றாக எடுக்கும் சாலிட்டேர் பதினேழாம் நூற்றாண்டிலேயே இருந்தது. கணித மேதை லைப்னிட்ஸ் 1710-இல் அதைப் பற்றி எழுதினார். அவர் அதைத் தலைகீழாக ஆடுவாராம். குச்சிகளை எடுப்பதற்குப் பதில், காலித் துளைகளை நிரப்பிக்கொண்டே போவாராம். இன்று எல்லாக் கணினிகளுக்கும் அடிப்படையான, பூஜ்யமும் ஒன்றும் மட்டும் கொண்ட எண்முறையை விளக்கி 1703-இல் கட்டுரை வெளியிட்டவரும் அவரே. சைபர்பங்கில் ஆளும் அத்தனை அரக்கக் கணினிகளுக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவர், தனியாகப் பலகை ஆடியவர்! பாவம் என்று அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெனிகேட்டை நான் தலையில் தூக்கிவைத்து ஆடுவதாகவும் எண்ண வேண்டாம். அதன் விதிப்புத்தகம் ஒரு தண்டனை. எளிய செயலுக்கெல்லாம் தொழில்நுட்ப வாசனை வீசும் பெயர் ஒன்றைச் சூட்டி, அந்தப் பெயரை வைத்தே அடுத்த விதியை விளக்குவார்கள். கதை கதை என்று அட்டையில் இருக்கும் ஆரவாரம், ஆடும்போது பெரும்பாலும் மறைந்து, நிறமும் இடமும் எண்ணும்தான் மிஞ்சுகின்றன. எனக்கு அது போதும். கதைக்காக வாங்குகிறவர்களுக்குப் போதாது. வில்லைகள் பொடிப்பொடியாக இருக்கின்றன. டியூப்லைட் வெளிச்சத்தில், கண்புரை அறுவைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் என்போன்றவர்கள் நிறங்களைப் பிரித்தறியத் திண்டாடுகிறோம். பேத்தி ஒவ்வொரு வகைக்கும் பின்பக்கம் பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்த பிறகுதான் எனக்கு விடிந்தது.

தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். முதலாவது, சதுரங்கத்தில் ‘வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் வெல்க’ என்று ஒரு நிலையைக் கொடுத்துப் புதிர் போடுவார்கள் அல்லவா? அதேபோல் ஆடுபுலி ஆட்டத்திலோ பள்ளாங்குழியிலோ ஒரு நிலையைப் படமாகப் போட்டு, வாரம் ஒரு புதிர் ஞாயிறு இணைப்பில் வெளியிடலாம். புலியை எத்தனை நகர்வில் மடக்கலாம் என்று கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் கையில் கிடைக்கும் பேப்பரில், தனியாக ஆடலாம்; செலவும் இல்லை.

இரண்டாவது, நூலகங்களைப் பற்றியது. எங்கள் பகுதி நூலகத்தில் முதியவர்கள் காலையில் செய்தித்தாள் படித்து முடித்ததும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் எழுந்து போகிறார்கள். ஒரு மூலையில் ஒருவர் மட்டும் உட்காரும் மேசை ஒன்று, அதன்மேல் இரண்டு மூன்று தனி விளையாட்டுப் பெட்டிகள், தமிழில் விதிகள். இதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம். இதைத் தங்கள் பத்திரிகை எடுத்துச் சொன்னால் காதில் விழக்கூடும். ரெனிகேட்டின் விதிகளைப் பக்கத்து வீட்டு அம்மாளுக்காக ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். நூலகம் கேட்டால் நகலெடுத்துத் தருகிறேன். பெட்டியைத் தர மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
மயிலாடுதுறை.