ஆள் காணாது என்று நிறுத்திய காலை பஸ்ஸைத் திரும்ப ஓடவிடக் கோரும் மனு

போக்குவரத்துக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்களுக்கு,

விடயம்: எங்கள் கிராமத்துக்கான காலைப் பள்ளிக்கூட பஸ் - நான்காவது கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் ஒரு தாய். எங்கள் சங்கத்தின் சார்பிலும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரின் சார்பிலும் இதை எழுதுகிறேன். தாங்கள் இந்த முல்லைத்தீவு மாவட்டத்து வீதிகள் எல்லாம் போய் வந்தவர். ஒட்டுசுட்டான் சந்தி எங்கே, முத்தையன்கட்டு எங்கே, வாய்க்கால் கரையால் திரும்பும் எங்கள் கிறவல் வீதி எங்கே என்று நான் படம் கீறிக் காட்டத் தேவையில்லை. போன வருடம் ஆவணியில் ஒரு கடிதம் தந்தோம். ஐப்பசியில் இன்னொன்று. இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு மூன்றாவது. மூன்றுக்கும் கிடைத்தது என்ற ஒரு வரிகூட வரவில்லை. தங்கள் மேசைக்கு அவை வந்து சேரவில்லை என்றே நினைத்துக்கொண்டு, மிகுந்த பணிவோடு திரும்பவும் எழுதுகிறேன்.

1. காலை 5.45க்கு எங்கள் கடைசிச் சந்தியிலிருந்து வெளிக்கிட்டு ஒட்டுசுட்டானுக்குப் போன பஸ் நிறுத்தப்பட்டுவிட்டது. பின்னேரம் திரும்பி வந்த பஸ்ஸும் அதோடு நின்றது.

2. ஒட்டுசுட்டான் சந்திக்கு எட்டுக் கிலோமீட்டர். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அங்கே போய்த்தான் அடுத்த பஸ் ஏற வேண்டும்.

3. நிறுத்தியதற்குக் காரணம் ஆட்கள் காணாது என்று சொன்னார்கள். எழுத்தில் அல்ல, தொலைபேசியில். பஸ்ஸில் பதினாறு பேர், பதினேழு பேர்தான் ஏறுகிறார்கள், டீசல் காசுக்கும் கட்டாது என்று சொன்னார்கள். கணக்கு சரிதான் ஐயா, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் அதே கணக்குத்தானே வரும்? முல்லைத்தீவு மாவட்டம் 2,617 சதுர கிலோமீட்டர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கே இருந்தவர்கள் 92,000 சொச்சம் பேர். யாழ்ப்பாண மாவட்டம் 1,025 சதுர கிலோமீட்டர், எங்களுடையதில் பாதியும் இல்லை. அங்கே அதே கணக்கெடுப்பில் 5,80,000க்கு மேல். தரையை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்த வருடம் எங்களிடம் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நாற்பது பேர்கூட இருக்கவில்லை. இலங்கையிலேயே ஆள் அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டம் அப்போது இதுதான். ஒரு பஸ்ஸுக்கு இத்தனை தலை என்று யாழ்ப்பாணத்துக்கும் எங்களுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் நாங்கள் எந்தக் காலத்திலும் தோற்போம். எங்களுக்குத் தலையை எண்ணாமல் தூரத்தை எண்ணுங்கள் என்று கேட்கிறேன்.

4. இனி முக்கியமான விடயம். முதல் கடிதங்களில் இதை இரண்டு வரியில் முடித்தது எங்கள் பிழை. இம்முறை விரிவாகவே எழுதுகிறேன்.

என் மூத்த மகள் உயர்தரம் இரண்டாம் வருடம். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்புகிறாள். நாலே முக்காலுக்கு, பக்கத்து வளவுப் பிள்ளைகள் மூன்று பேரோடு வெளிக்கிடுகிறாள். நாலு பேருக்கும் ஒரு டோர்ச் லைட். வெள்ளைச் சப்பாத்து ஒரு சொப்பிங் பைக்குள், காலில் ரப்பர் செருப்பு. மாரி காலத்தில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் மதகடியில் முழங்கால் தண்ணீர் ஓடும். அதைக் கடந்து சந்திக்குப் போய், அங்கே ஒரு கடை விறாந்தையில் இருந்து காலைத் துடைத்துவிட்டுச் சப்பாத்துப் போடுவார்கள். இதெல்லாம் பழகிவிட்டது. தண்ணீரைப் பற்றி நான் முறையிட வரவில்லை.

முறைப்பாடு யானையைப் பற்றியது. மதகுக்கு இந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் பத்தைக்காடு. பாலையும் வீரையும் நிற்கும் அடர்காடு அதற்குப் பின்னால். இரவில் வயலுக்குள் இறங்கிய யானைகள் விடியும் நேரம் அந்த இடத்தால்தான் காட்டுக்குத் திரும்பும். காலபோக நெல் அறுவடை நேரமான மாசி, பங்குனியில் அனேகமாக ஒவ்வொரு நாளும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வீதியில் கிடக்கும் யானை லத்தியை ஒரு தடியால் கிளறிப் பார்க்கிறார்கள். ஆவி பறந்தால் யானை பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம், சத்தம் போடாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆறிக் காய்ந்திருந்தால் மேலே நடப்பார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதா இல்லையா என்று முடிவு எடுக்கும் விதம் இது, ஐயா. இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் நான் கூடப்போனபோது என் கண்ணால் கண்டது. அவள் குனிந்து, டோர்ச் லைட்டைக் கிட்டப் பிடித்து, "அம்மா, புகை வருது, திரும்புவம்" என்று மெல்லச் சொன்னாள். அந்தக் குரல் இப்போதும் என் காதில் நிற்கிறது.

வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். அப்போது கரடியும் வரும். யானையாவது சத்தம் கேட்டால் சில வேளை விலகும், கரடி பாய்ந்துவிடும். அந்த இரண்டு மாதமும் நாங்கள் தாய்மார் முறை வைத்துக் கூடப் போகிறோம். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

பஸ் ஓடிய காலத்தில் இது ஒன்றும் இல்லை. பெரிய விளக்கும் ஹோர்ன் சத்தமும் இருக்கும்; யானை ஒதுங்கி நிற்கும், பஸ் போய்விடும்.

5. வரவு. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கு 80 வீத வரவு இருக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். லத்தியில் ஆவி பறந்த நாட்களை எல்லாம் யார் வரவில் சேர்ப்பது? வகுப்பாசிரியர் நல்லவர், நிலைமை தெரிந்தவர். ஆனால் பதிவேட்டில் அவர் சிவப்புக் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். மகளுக்கு இந்தத் தவணை வரவு 80க்குக் கீழே இறங்கிவிட்டது. கணிதத்தில் அவள் கெட்டிக்காரி. தாய் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், புள்ளி அறிக்கையின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

6. தொலைபேசியில் கதைத்த ஒருவர் கடைசியில் ஒன்று சொன்னார். "நாலு குடும்பத்துக்காக அந்தக் காட்டுக்குள்ள ஏன் இருக்கிறீங்கள், ரவுன் பக்கம் வாங்கோவன்" என்றார். கோபப்படக் கூடாது என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஆனால் இதற்குப் பதில் எழுதாமல் விட மனம் வரவில்லை.

எங்களை இந்தக் காட்டுக்குள் கொண்டுவந்தது யார்? அரசாங்கம். முத்தையன்கட்டுக் குளத்தைத் திருத்தி, பேராற்றுத் தண்ணீரை மறித்து, காடு வெட்டிக் காணி பிரித்துக் கொடுத்துக் குடியேற்றியது அரசாங்கம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பப்பாவுக்குக் கொடுத்த பெர்மிட் இன்றைக்கும் என் றங்குப்பெட்டிக்குள் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் பழைய கலண்டர் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். பயிர் செய்யாமல் விட்டால் காணி போய்விடும் என்று அந்த நாளில் சொல்லிக் கொடுத்த காணி அது. அப்போது "இருங்கள்" என்றீர்கள். இப்போது "ஏன் இருக்கிறீர்கள்" என்கிறீர்கள்.

இந்த மண்ணில் ஆள் குறைந்தது நேற்றல்ல. கற்சிலைமடுவில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 ஐப்பசி 31இல் வெள்ளைக்காரரிடம் தோற்ற இடத்தில் அவர்கள் கல் நட்டார்கள். அந்த ஊர் எங்களுக்குப் பக்கம்தான். சண்டையால் ஆட்கள் போனார்கள், குளங்கள் உடைந்து தூர்ந்தன, காய்ச்சல் வந்து ஊர் ஊராகக் கொண்டுபோனது. மலேரியா அடங்கிய பிறகுதான் குளங்களைத் திருத்தி எங்களைப் போன்றவர்களைக் கொண்டுவந்தார்கள். 1978இல் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை மாவட்டங்களில் துண்டு துண்டாக எடுத்து இந்த மாவட்டத்தை உண்டாக்கியபோது, இனி எல்லாம் கிட்ட வரும், தூரத்துக்கு அலையத் தேவையில்லை என்று அப்பா சந்தோசப்பட்டாராம். 1981இல் மாவட்டத்தில் 77,000 பேர் அளவில். 2012இல் 92,000. முப்பத்தொரு வருடத்தில் கூடியது பதினையாயிரம் அளவுதான். ஏன் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? போர் முடிந்த 2009இல் இந்த ஊரில் ஒரு மனிதர்கூட இல்லை. மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றில் குப்பை, தென்னைக்கு வட்டில்லை. அப்படியிருந்தும் வந்தோம். கைக்குழந்தையோடு வந்தேன் நான், அந்தக் குழந்தைதான் இப்போது லத்தியைக் கிளறிப் பார்க்கிறாள்.

ஆள் குறைவு என்று எங்களுக்கே சொல்லாதீர்கள், ஐயா. யார் யார் இல்லை என்று எங்களுக்கு வீட்டுக்கு வீடு தெரியும்.

7. பஸ் இல்லாததால் இன்னும் ஆள் குறைகிறது. இந்த வருடம் மூன்று குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகக் கிளிநொச்சிப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டன. அவர்களின் வயல் தரிசு, வளவில் பன்றி கிண்டுகிறது. அடுத்த கணக்கெடுப்பில் பதினாறு பேர் பன்னிரண்டாகும், அப்போது "பார்த்தீர்களா, ஆட்கள் காணாது" என்பீர்கள்.

8. கோபத்தில் எழுதிய சொற்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது பெரிய விடயம் இல்லை. புது பஸ் கேட்கவில்லை, தார் வீதி கேட்கவில்லை. முன்பு ஓடிய அதே பஸ், பள்ளிக்கூட நாட்களில் மட்டும், காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. அது உடனே முடியாது என்றால், மாங்குளம் - முல்லைத்தீவு வீதியால் போகும் காலை பஸ் ஒன்றை எங்கள் சந்திவரை உள்ளே வந்து திரும்ப விடுங்கள். அரை மணித்தியாலம் பிந்தும், அவ்வளவுதான். பிள்ளைகள் எல்லோரும் பருவச்சீட்டு எடுப்போம் என்று பெற்றோர் கையெழுத்து வைத்துத் தந்திருக்கிறோம், அதையும் இணைத்திருக்கிறேன். வீதிக்கரைப் பத்தைகளை நாங்களே சிரமதானம் செய்து வெட்டித் தருகிறோம். மதகடிப் பள்ளத்துக்குக் கிறவல் போட லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

9. நேரில் ஒரு தடவை வாருங்கள். வெயில் ஏறிய பிறகு வாகனத்தில் வேண்டாம், காலை நாலே முக்காலுக்கு. பிள்ளைகளோடு மதகுவரைக்கும் நடந்து பாருங்கள். நான் தேத்தண்ணி வைத்துக் கொண்டு நிற்கிறேன்.

10. பஸ்ஸைத் தாருங்கள், ஐயா. தயவுசெய்து அந்தப் பஸ்ஸைத் திரும்பத் தாருங்கள்.

அடுத்த தவணை தொடங்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. முடியும் முடியாது எதுவாக இருந்தாலும் அதற்கு முன் எழுத்தில் ஒரு பதில் வேண்டும். தபால் எங்களுக்குப் பிந்தித்தான் வரும், ஆகவே கிராம அலுவலரிடம் கொடுத்துவிட்டாலும் போதும். செவ்வாயும் வியாழனும் அவர் அலுவலகத்தில் இருப்பார், நான் இரண்டு நாளும் போய்க் கேட்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்காக ஒரு தாய்

இணைப்பு: முந்திய மூன்று கடிதங்களின் பிரதிகள், பெற்றோர் கையெழுத்துப் பட்டியல், மகளின் புள்ளி அறிக்கை, வரவுப் பதிவின் பிரதி, அப்பப்பாவின் காணிப் பெர்மிட்டின் பிரதி (மூலம் கிழிந்திருப்பதால் நேரில் மட்டுமே காட்ட முடியும்).