செயலாளரின் ஆண்டறிக்கை: மேட்டு லயத்துக் காசு விவகாரம் உட்பட

மதிப்புக்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 38 பேராக இருந்தோம், இப்போது 41 பேர். மாதாந்தக் கூட்டங்களில் இரண்டு மழையால் நடக்கவில்லை. நான்கு குடும்பங்களுக்கு மரண உதவி கொடுத்தோம். தண்ணீர் எடுக்கும் பீலிக்கரைக்கு இறங்கும் படிகளைச் சிரமதானத்தில் திருத்தினோம். மேலே மூன்று படி இன்னும் பாக்கி. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

மற்றபடி இந்த ஆண்டு முழுக்கக் கூட்டங்களில் நாம் பேசியது காசைப் பற்றித்தான். சங்கத்துக் காசு இல்லை, மேட்டு லயத்து அடுப்படியில் கிடைத்த பழைய காசு.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் இப்போது யாரும் இல்லை. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் நம் மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அதன்படி எழுபதுகளில் அங்கிருந்து ஏழு குடும்பங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வாங்கிய ரயிலில் ஏறித் தலைமன்னார் வழியாக இந்தியா போய்ச் சேர்ந்தன. மிச்சம் இருந்தவர்கள் மண்சரிவுக்குப் பயந்து கீழே வந்தார்கள். கூரைத் தகரத்தை யார் யாரோ கழற்றிக்கொண்டு போக, கருங்கல் சுவரும் அடுப்படிகளும் மட்டுமே மிஞ்சி நின்றன.

வைகாசிக் கடைசியில் பெய்த மழையில் லயத்துப் பின்பக்க வடிகான் உடைந்து ஓர் அடுப்படி சரிந்தது. லீக்ஸ் பாத்திக்கு மண் அள்ளப் போன நம் அங்கத்தவர் கையில் ஐந்து காசுகள் அகப்பட்டன. கறுத்துப்போய் இருந்ததால் தகர ஆணியின் வாஷர் என்றுதான் முதலில் நினைத்தாராம். இரண்டு இந்திய ரூபாய்: ஒன்று விக்டோரியா மகாராணி தலையுடன் 1885, மற்றது ஏழாம் எட்வர்ட் 1907. மற்ற மூன்றும் இலங்கைக் காசு: 1893இன் 25 சதம், 1913இன் 10 சதம், 1914இன் 50 சதம். அந்தக் காலத்தில் இந்திய ரூபாய்தான் இங்கேயும் ரூபாவாக ஓடியது. இலங்கைக்கென்று அடித்த வெள்ளிக்காசில் பெரியது 50 சதந்தான். அதில் நடுவில் ஒரு மரம், அதன் பக்கங்களில் தமிழிலும் சிங்களத்திலும் மதிப்பு. நம் எழுத்தை அதில் பார்த்த பிள்ளைகள் காசைக் கையை விட்டுக் கொடுக்கவே இல்லை.

ரூபாய் ஒன்று 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. டவுனில் ஒரு நகைக்கடையில் நிறைக்கு விலை சொன்னார்கள். சொன்ன விலையைக் கேட்டு அங்கத்தவர் சிலரின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் அந்தக் காசு அடுப்படிக்குள் எப்படிப் போனது என்று கேட்டால் விடயம் வேறு. நம் மூத்த அங்கத்தவரான பாட்டி ஜூலைக் கூட்டத்தில் சொன்னது இது: ஆள் சேர்த்து வேலை வாங்கும் பெரிய கங்காணியின் கணக்கில் கடன் கழித்து, அரிசி கழித்து, கம்பளி கழித்து, கடைசியில் கைக்கு வருவது ஒன்றுமில்லாத மாதங்களே அதிகம் என்று அவருடைய அம்மாயி சொல்வாராம். 1921இல் துண்டு முறையை ஒழிக்கும்வரை, கடனை எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தே ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். 1929இல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அப்படிப் பார்த்தால் அந்த ஒரே ஒரு 50 சதம் ஒரு பெண்ணின் ஒரு நாள் கொழுந்துச் சம்பளத்துக்கும் மேல். கங்காணி கண்ணுக்கும் புருஷன் கண்ணுக்கும் படாமல் அதை ஒருத்தி அடுப்புக்கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறாள். “ஆம்பிளை அடுப்பை நோண்ட மாட்டான்ல” என்றார் பாட்டி. கூட்டமே சிரித்தது.

சரி, இனி வருத்தமான பகுதி. காசு கிடைத்த செய்தி பரவி மூன்று வாரத்தில், இரவில் யாரோ மண்ணுக்குள் உலோகம் தேடும் ஸ்கேனரோடு வந்து மேட்டு லயத்தில் பதினொரு குழி தோண்டியிருந்தார்கள். ஒன்று முனியாண்டி மரத்தின் வேரடியில். குழிகளைச் சுற்றிக் கிடந்ததெல்லாம் தகர ஆணி, பிணைச்சல், மீன் டின், போத்தல் மூடி. மிச்சம் நின்ற அடுப்படிகள் நான்கும் உடைந்துவிட்டன. எந்தக் காம்பராவில், அதாவது எந்த லயத்து அறையில், எது இருந்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவித்தோம், பிரதிகள் கோப்பில் உள்ளன.

அதற்கு அடுத்த கூட்டத்தில்தான் நாமே ஒரு ஸ்கேனர் வாங்கலாம் என்ற பிரேரணை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நானும் முதலில் ஆமோதித்தவன்தான். விடுமுறையில் வந்திருந்த அங்கத்தவர் மகன் ஒருவர் இங்கிலாந்தில் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர். வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால் கருவி உயர்ந்த ஒலி எழுப்பும், இரும்புக்குத் தாழ்ந்த ஒலி, ஆனால் அலுமினியத் துண்டும் வெள்ளி மாதிரியே ஏமாற்றும் என்று விளக்கினார். அங்கே காணிச் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் அவர் கால் வைப்பதில்லை. 1996 புதையல் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட இரண்டு வெள்ளிக்காசு ஒரே இடத்தில் கிடைத்தால் 14 நாளில் அறிவிக்க வேண்டுமாம்.

இங்கே கதை வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், தொல்பொருள் தேடித் தோண்டுவதென்றால் சொந்தக் காணியானாலும் உரிமம் வேண்டும் என்கிறது. நமக்கோ சொந்தக் காணியே இல்லை. பிரேரணை 19க்கு 12 என்று தோற்றது. நான் கடைசியில் கையை மாற்றித்தான் தூக்கினேன். அந்தப் பதினொரு குழியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு வேறு மாதிரித் தூக்க மனம் வரவில்லை.

மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும்போது அங்கேயும் இதே ஆசையோடு ஆட்கள் சுற்றுவார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு முறைப்பாடும் உண்டு. 25 சதக் காசை யாரோ அன்பு மிகுந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். இப்போது பளபளக்கிறது, மகாராணியின் மூக்குத்தான் இல்லை. இனி எந்தக் காசையும் யாரும் தேய்க்க வேண்டாம். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

கடைசியாக, தீர்மானிக்காமல் நிற்கும் ஒரு விடயம். 1907 ரூபாயின் மேல்விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கிறது, அதாவது அது காசுமாலையில் இருந்தது. படத்தை இந்தியா போன நம் உறவுகளுக்கு அனுப்பியதில், தமிழ்நாட்டின் கோத்தகிரியிலிருந்து ஒரு குடும்பம் பேசியது. அங்குள்ள முதியவர் தன் தாயின் மாலையில் ஆறு காசு இருந்ததாகவும், கப்பல் ஏறும்போது ஐந்துதான் இருந்ததாகவும் சொல்கிறார். எந்தக் காம்பரா என்று கேட்டோம். பீலிப் பக்கத்திலிருந்து இரண்டாவது என்றார். சரிந்த அடுப்படி மூன்றாவது. ஐம்பது வருடத்தில் ஒன்று தவறி எண்ணியிருக்கலாம், அல்லது அது வேறு யாருடையதோ. காசை அனுப்புவதா, சங்கத்தில் வைப்பதா என்பது இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவது. அதுவரை அது பொருளாளர் வீட்டு அலுமாரியில் இருக்கும்.

செயலாளர்