ஓராண்டு தொடாத பொருள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு அடைசலைக் குறைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை என் மருமகள் கைப்பேசியில் படித்துக் காட்டினாள். குத்திக் காட்டினாள் என்றாலும் பொருந்தும். ஓராண்டு கைபடாத பொருளை யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும் என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

எனக்கு 71 வயது. பர்மாவில், ரங்கூன் நகருக்குள், காளி கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில், நான்காவது மாடியில் இருக்கிறோம். பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். ரயில் பெட்டி போல ஒரே நீட்டு. லிஃப்ட் கிடையாது. காய்கறியும் செய்தித்தாளும் பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் ஏறி வரும். ஏறி வரக் கயிறு இருக்கிறது, எடுத்துக்கொண்டு இறங்க எங்களில் யாருக்கும் முழங்கால் இல்லை. அதனால் இந்த வீட்டில் சேர்ந்தது சேர்ந்ததுதான்.

ஆகவே கட்டுரையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மின்வெட்டுக்கென்று வாங்கிச் செத்துப்போன பேட்டரிகள், மூடியில்லாத ஓவல்டின் டப்பாக்கள், காது போன வாளிகள் எல்லாவற்றையும் மருமகள் பழைய சாமான்காரரிடம் போடட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன். (வாளி விஷயத்தில் கொஞ்சம் நின்றேன். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. தண்ணீரை எதில் பிடித்து வைப்பது?)

ஆனால் ஓராண்டுக் கணக்கு எங்களுக்கு ஒத்துவராது. கட்டிலுக்கு அடியில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு ஊருக்குக் கப்பலேறிய குடும்பங்களில் எங்கள் பக்கத்து வீட்டாரும் உண்டு. மறு ஆண்டு அவர்கள் கிளம்பியபோது, "வந்து எடுத்துக்கொள்கிறோம் அக்கா" என்று அம்மாவிடம் அந்த அண்டாவை விட்டுப் போனார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. விளிம்பில் அவர்கள் வீட்டுப் பெரியவரின் பெயர் வெட்டியிருக்கிறது. "இதைத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று அத்தை?" என்று மருமகள் கேட்கிறாள். அறுபது வருடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எங்கள் பொருள் அல்லவே. அடுத்த வீட்டுச் சாமானை எறிய எனக்கு என்ன உரிமை? இப்போது அதற்குள் உபரிப் போர்வைகளை அடுக்கியிருக்கிறாள். அந்த மட்டில் சமாதானம்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 75 கியாட் நோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள்; மாற்றுப் பணமும் தரவில்லை. அக்காவின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அது. அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் ரப்பர் வளையம் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார். போன மாதம் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் உருகிப் பிசினாகி, மழைக்கால ஈரத்தில் நோட்டோடு நோட்டு ஒட்டி, செங்கல் மாதிரி இருந்தது. மேல் நோட்டைக்கூட உரிக்க முடியவில்லை. அதை நானே எறிந்துவிட்டேன். அப்பா இருந்திருந்தால் என்றோ எறிந்திருப்பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், பொய்தான்.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே காகிதங்களைப் பற்றிச் சொல்லத்தான். பழைய சான்றிதழ்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு கிழித்துவிடும்படி கட்டுரையாளர் சொல்கிறார். இங்கே 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1948 ஜனவரி 4ஆம் தேதிக்கு முன்பே வந்து குடியிருந்தவர்களும் இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் மறுக்க முடியாத சான்றோடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. அந்தச் சான்று, எங்களைப் போன்றவர்களுக்கு, தாத்தாவின் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. நான் கிழித்துவிட்டால் என் பேரன் எதைக் காட்டுவான்?

ஆனால் கிழிக்காமல் வைத்தால் மட்டும் போதாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2012இல் தம்பி மகனுக்குக் குடியுரிமை அட்டை எடுக்க அப்பாவின் பிறப்புப் பதிவு நகல் வேண்டியிருந்தது. பீரோ, பரண், சாமி மாடம் என்று ஒன்பது நாள் தேடினோம். கடைசியில் ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் கிடைத்தது. குண்டூசியின் துரு ஊர்ப் பெயர்மேல் படர்ந்திருந்தது. பிறந்த ஆண்டில் முதல் இரண்டு எண்களை மட்டும் இராமபாணப் பூச்சி தின்னாமல் விட்டுவைத்திருந்தது. அலுவலகத்தில் இருந்தவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பத்தொன்பது சரி, மீதி எங்கே?" என்று கேட்டார். மீதியைக் காட்ட வேறு காகிதம் தேடி இரண்டு ஆண்டு அலைந்தோம்.

அன்றிலிருந்து வீட்டுக் காகிதம் எல்லாம் ஒரே ஒரு பிஸ்கட் டின்னில். குண்டூசி, ரப்பர், ஒட்டும் டேப் எதுவும் கூடாது. ஒவ்வொன்றையும் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, ஓரத்தில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைக்கிறேன். மே பாதியில் தொடங்கும் மழை அக்டோபர் வரை விடாது. அதுவரை அவசியமில்லாமல் டின்னைத் திறப்பதில்லை. தை மாதத்தில் ஒரு பகல், பால்கனி நிழலில் காற்றாடப் போடுவேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தமிழிலும் பர்மியத்திலும் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பேரனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

2025 மார்ச் 28ஆம் தேதி மதியம் சகாயிங்கையும் மாண்டலேயையும் சரித்த நிலநடுக்கம் எங்கள் மாடியையும் ஆட்டியது. மருமகள் பேரனின் கையைப் பிடித்தாள், நான் டின்னை எடுத்தேன். தெருவில் வந்து நின்ற பிறகுதான் காலில் செருப்பில்லை என்று தெரிந்தது. அன்று மருமகள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு காரியம் மட்டும் கைமீறிப் போய்விட்டது. அப்பாவின் மூன்று மடிப்புப் பழைய அடையாள அட்டையை என் மகன், நல்லது செய்வதாக நினைத்து, லேமினேட் செய்து கொண்டுவந்தான். உள்ளே ஈரம் சிக்கியிருக்க வேண்டும். புகைப்படத்தின் மூலையிலிருந்து பழுப்பு ஏறிக்கொண்டு வருகிறது, இப்போது அப்பாவின் காது வரை வந்துவிட்டது. அட்டைக்குச் சேதமில்லாமல் அந்த உறையைப் பிரிக்க வழி உண்டா? தங்கள் கட்டுரையாளருக்கோ, ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த வாசகர் எவருக்கேனுமோ தெரிந்தால் அருள்கூர்ந்து வெளியிடுங்கள். மழைக்கு முன் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரங்கூன்