திரிகைக் கற்கள் பாவிய தரை: மடாதிபதி தாமஸ் தெ லா மேருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மடாதிபதி அவர்களுக்கு,

இன்று செப்டம்பர் 15. 1396இல் இதே நாளில்தான், 87 வயதில், இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் நீங்கள் கண்மூடினீர்கள். உங்களைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசி, பின்னர் எழுதியும் வைத்திருந்த கட்டுரையை இன்று காலை நீக்கிவிட்டேன். காரணத்தை உங்களிடம் சொல்வதுதான் முறை.

ஊராரின் திரிகைகளைப் பறித்து, மடத்துக் கூடத்தின் தரையில் பாவி, அவற்றின் மேல் நடந்தவர் நீங்கள் என்றும், பிரபு குலத்தில் பிறந்தவரிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும் என்றும் நான் சொன்னபோது நல்ல கைதட்டல் கிடைத்தது. பறித்தவர் நீங்கள் அல்ல. உங்களுக்கு முந்தையவருக்கும் முன் மடாதிபதியாக இருந்த வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு. கொல்லன் மகன்; வானியல் கடிகாரம் வடிவமைத்த மேதை. தானியத்தை மடத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், கூலி மடத்துக்கே சேர வேண்டும் என்று ஊர்க்காரர்களின் வீட்டுத் திரிகைகளைப் பிடுங்கியவர் அவர்தான். பழியைப் பிறப்பின் மேல் போட நான் ஏன் அத்தனை அவசரப்பட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். என் உறவினர்களும் இதைப் படிப்பார்கள். மன்னியுங்கள்.

ஆனாலும், ஐயா, 1349இல் பொறுப்பேற்ற நாள்முதல் 32 ஆண்டுகள் அந்தத் தரை உங்கள் காலடியில் இருந்தது. ஒரு கல்லையாவது பெயர்த்துத் திருப்பித் தந்திருக்கலாம். மாறாக, வழக்குக்கு மேல் வழக்காக மடத்தின் உரிமைகளைக் காத்தீர்கள். தமிழில் உங்களை மடாதிபதி என்றுதான் அழைக்க முடிகிறது; நிலமும் குத்தகையும் அந்தச் சொல்லோடு கேட்காமலே கூட வந்துவிடுகின்றன.

1381 ஜூன் மாதம், இங்கிலாந்தில் குடியானவர் கிளர்ச்சி வெடித்தபோது வந்த அந்த நாளை என்னால் கடக்க முடியவில்லை. ஊரார் கூடத்துக்குள் வந்து கற்களைப் பெயர்த்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் கோயில்களில் மந்திரித்த அப்பத்தைப் பங்கிடுவது போல என்று உங்கள் துறவி தாமஸ் வால்சிங்காம் எழுதுகிறார். அவர் வெறுப்போடு எழுதிய வரி அது. எனக்கோ, அவருடைய நீண்ட வரலாற்றில் மனத்தில் நிற்கும் வரியே அதுதான். பழி தீர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள அந்தத் துண்டுகளை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். மாவரைக்கவும் உதவாத ஒரு சில்லுக்காக!

அப்போது உங்களுக்கு எழுபது வயது கடந்திருந்தது. மடத்தின் உரிமையை விட்டுக்கொடுப்பதைவிடச் சாவதே மேல் என்றிருந்த உங்களை உங்கள் துறவிகளே கெஞ்சி இணங்கவைத்தார்கள். அந்தப் பிடிவாதத்தை அகந்தை என்று நான் எழுதியிருந்தேன். கொள்ளைநோயில் உங்களுக்கு முந்தைய மடாதிபதியோடு துறவிகள் 47 பேரும் இறந்துபோன மடத்துக்குத்தான் டைன்மவுத் கிளைமடத்திலிருந்து உங்களை அழைத்தார்கள். பதவியை உறுதிசெய்ய, போப் அப்போது இருந்த அவினியோனுக்குப் புறப்பட்டபோது உடன் வந்தவர் ஒருவரும் கான்டர்பரியிலேயே இறந்தார். அப்படி எஞ்சியதைக் கட்டிக் காத்தவர் எதையும் கைவிட அஞ்சியிருப்பார். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் ஊராரின் தலைவர் வில்லியம் கிரிண்ட்காபும் உங்கள் மடத்தின் சோற்றில் வளர்ந்தவர்தானே? கிளர்ச்சி அடங்கியதும் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஜூலை 15 அன்று கிளர்ச்சிக்காரர்களின் பாதிரியார் ஜான் பாலையும் உங்கள் ஊரில் வைத்தே கொன்றார்கள், இளவயது அரசர் ரிச்சர்டு அங்கே இருக்கும்போதே. கிரிண்ட்காபின் உடலை ஊரார் இறக்கிப் புதைத்தபோது, அழுகிய அந்த உடலைத் தோண்டியெடுத்துத் தங்கள் கைகளாலேயே மறுபடியும் சங்கிலியில் தொங்கவிடும்படி அவர்களுக்கு அரச கட்டளை வந்தது. உங்கள் மடத்தின் வெற்றி அன்று அப்படித்தான் நாறியது.

நீங்கள் உயிரோடிருந்தபோதே ஃபிளாண்டர்ஸ் கைவினைஞர்கள் செய்த பித்தளைத் தகட்டில் மடாதிபதிக்குரிய கூம்புத் தொப்பியும் வளைகோலுமாக நிற்கிறீர்கள். கிளர்ச்சிக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய முகம் அது. எனக்கு வேண்டியது அதற்குப் பிந்தைய முகம். தரை பெயர்ந்த பின்னும் அதே மடத்தில் 15 ஆண்டுகள் வாழ்ந்த கிழவருடைய முகம்.