கோலாப்பூர் மன்னருக்கு உண்மையிலேயே புத்தி பேதலித்ததா?

மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டுங்காவில் குடியிருக்கும் தஞ்சாவூர்க்காரன் நான். போன்ஸ்லே ராஜாக்கள் ஆண்ட ஊர் என்னுடையது. அவர்களின் கோலாப்பூர்ப் பங்காளி நான்காம் சிவாஜி மகாராஜாவுக்காக எழுதுகிறேன்.

ராஜாராம் மகாராஜா 1870-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் இறந்துபோக, மறு ஆண்டு தத்து வந்த சிறுவன் இவர். வளர்ந்தது ஆங்கிலேயர் மேற்பார்வையில். 1882-ல் இவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லி, காகல் தலைவர் ஜெய்சிங்ராவ் காட்கேயிடம் ஆட்சிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அப்புறம் அகமத்நகர் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1883 டிசம்பர் 25 அன்று, காவலுக்கு நின்ற கிரீன் என்ற வெள்ளைச் சிப்பாயோடு கைகலப்பு. மன்னர் செத்துப்போனார். வயது இருபதுதான்.

அவர் உயிரோடு இருந்தபோதே திலகரும் அவரோடு சேர்ந்து பத்திரிகை நடத்திய அகர்கரும், மன்னர் நடத்தப்படும் விதம் பற்றித் தங்கள் பத்திரிகைகளில் கேள்வி எழுப்பினார்கள், திவானைக் குற்றம் சாட்டினார்கள். கோலாப்பூர் திவான் பர்வே அவதூறு வழக்குப் போட்டார். திவானுக்கு எதிரான ஆதாரம் என்று அவர்கள் நம்பி வெளியிட்ட கடிதங்கள் போலி என்று தெரியவந்தது. நாலு மாதத் தண்டனை. 101 நாள் டோங்கிரி சிறையில் இருந்தார்கள். அந்த இடம் இப்போது சிறுவர் இல்லம். மும்பையில் பலருக்கு இந்தச் சிறைக்கதை தெரியும், யாருக்காகச் சிறை போனார்கள் என்பது தெரியாது.

நீதிமன்றம் விசாரித்தது திவானின் மானத்தை. மன்னரின் மனநிலையை அல்ல. கடிதங்கள் போலி என்றானதும், மன்னர் பைத்தியம்தான் என்பதும் கூடவே நிரூபணமானது போல ஆகிவிட்டது. இது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அவருக்கு நோயே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. நோய் இருந்திருக்கலாம். ஆனால் சொந்த மனிதர்களிடமிருந்து பிரித்து, அந்நியச் சிப்பாய்களின் காவலில் அடைத்துவைத்தால் எந்த இளைஞனும் கத்துவான், கைநீட்டுவான். அந்தக் கோபம் அடைப்பதற்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா? தேதி வாரியாகப் பார்த்தால்தான் தெரியும். நோயாளி என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு நோயாளியோடு சிப்பாய் மல்லுக்கட்டும் நிலை ஏன் வந்தது?

பம்பாய் அரசின் அரசியல் துறைக் கோப்புகள் உங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. அவற்றில் 1882, 1883 ஆண்டுகளின் கோலாப்பூர்க் கோப்புகளைத் தேடி எடுத்து, மருத்துவர்களின் அறிக்கை, காவலர்களின் குறிப்பு, மரண விசாரணை என்று கிடைப்பதையெல்லாம் ஸ்கேன் செய்து எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போடுங்கள். மோடி எனும் பழைய மராத்தி எழுத்தில் உள்ளவற்றைத் தேவநாகரியில் பெயர்த்தெழுதிச் சேருங்கள். அந்த மன்னரே எழுதிய ஒரு வரி கிடைத்தாலும் அதை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
மாட்டுங்கா வாசகன்